எஸ்டிஎஸ் பவுடரும் பேலன்ஸ் ரூம் ஃபேனும்

புரோட்டீன் லேப்ல புதுசா சேர்ற ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "அக்கா, இது டூத்பேஸ்ட்ல ஷாம்பூல எல்லாம் போடற சமாச்சாரம் தானே, இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு"ன்னு. கேக்கறதுல தப்பில்ல. புரோட்டீனை அளவு வாரியா பிரிக்கற ஜெல்லுக்கு நாம போடற சோடியம் டோடெசில் சல்ஃபேட்டும் (எஸ்டிஎஸ்) பேஸ்ட் டியூப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கற சோடியம் லாரில் சல்ஃபேட்டும் ஒண்ணு தான், கடைச் சரக்குல கொஞ்சம் நீளம் கூடக் குறைய இருக்கற கார்பன் சங்கிலிகளும் கலந்திருக்கும், அவ்ளோதான். ஆனா பேஸ்ட்ல அது ஒண்ணு ரெண்டு சதவீதம், அதுவும் ஈரமா, மத்த சாமானோட குழைஞ்சு கிடக்கு, கொப்பளிச்சு துப்பிட்டு போயிடறோம். லேப் பாட்டில்ல இருக்கறது கிட்டத்தட்ட முழுக்க அதே பொருள், காஞ்ச தூளா, மூச்சு விட்டா பறக்கற அளவுக்கு லேசா. நான் ஒரு யுனிவர்சிட்டி பயோகெமிஸ்ட்ரி லேப்ல பல வருஷமா ஸ்டாக், அதாவது கெட்டியான கரைசல், ரெடி பண்ற வேலையையும் சேர்த்து பார்த்துட்டிருக்கேன், இந்த பவுடரால வந்த தொந்தரவுன்னு நான் பார்த்தது எல்லாமே அது பறந்ததால வந்தது தான், கரைஞ்சு பாட்டிலுக்குள்ள போனதுக்கு அப்புறம் அது பெருசா யாரையும் படுத்தினதா எனக்கு ஞாபகம் இல்ல.

பாட்டில்ல ஒட்டியிருக்கற லேபிளை ஒருதடவை நிதானமா பாருங்க. தோல்ல எரிச்சல், மூச்சுக்குழாய்ல எரிச்சல், முழுங்கினா கெடுதல், இதெல்லாம் ஆச்சரியக்குறி படத்தோட வரும், இதை எல்லாரும் படிச்சுட்டு "சரி சரி"ன்னு விட்டுடுவாங்க. பக்கத்துலயே கை மேலயும் ஒரு கட்டி மேலயும் ஏதோ ஊத்தி அரிக்கற மாதிரி இன்னொரு படம் இருக்கும், அது கண்ணுக்காகப் போட்டது, கண்ணுக்கு கடுமையான சேதம்னு எச் 318 எச்சரிக்கை. கூடவே நெருப்பு படமும் இருக்கும், எளிதா தீப்பிடிக்கற திடப்பொருள்னு, அதனால ஸ்பிரிட் லேம்ப் எரியற மேஜையில வெச்சு இதைக் கொட்டறது கூடாது. முழு விவரமும் ஸேஃப்டி டேட்டா ஷீட்ல கிடைக்கும் (அதோட சுருக்கமும் எஸ்டிஎஸ் தான், குழப்பமே வேணாம்னு நாங்க இன்னும் பழைய பேர்ல எம்எஸ்டிஎஸ்னு சொல்லிட்டிருக்கோம்).

ஏன் இப்படி கமறுதுன்னு பசங்களுக்கு சொல்ல நமக்கு ரொம்ப கஷ்டப்பட வேண்டாம், ஜெல்ல என்ன பண்ணுதுன்னு அவங்களுக்குத் தெரியும். 1970-ல லாம்லிங்கறவர் அந்த ஜெல் முறையை நேச்சர் பத்திரிகையில போட்டதுல இருந்து உலகம் பூரா எல்லாரும் அதைத் தான் ஓட்டறோம், ஒரு கிராம் புரோட்டீன் சுமார் 1.4 கிராம் எஸ்டிஎஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டு மடிப்பெல்லாம் பிரிஞ்சு நீட்டா ஆயிடும். செல்லோட கொழுப்புச் சவ்வையும் அது கலைச்சுடும், அதுக்காகத் தானே பாக்டீரியால இருந்து டிஎன்ஏ எடுக்கற பிளாஸ்மிட் பிரெப்ல ரெண்டாவது சொல்யூஷன்ல சோடியம் ஹைட்ராக்சைடோட சேர்த்து 1 சதவீதம் போடறோம். அந்தத் தூள் ஈரமான மூக்குக்குள்ள போய் ஒட்டினா அங்க இருக்கறதும் புரோட்டீனும் கொழுப்பும் தான், டியூப்ல பண்ற வேலையை அங்கயும் பண்ணும். தோல் டாக்டருங்க ஆராய்ச்சிக்காக வேணும்னே தோலை லேசா புண்ணாக்கிப் பார்க்கணும்னா இதே பொருளைத் தான் ரொம்ப காலமா பயன்படுத்தறாங்க, எந்த கிரீம் நல்லா காக்குதுன்னு பார்க்கறதுக்கு. அப்படி ஒரு பேரு வாங்கின பொருளை நாம பட்டர் பேப்பர்ல கொட்டி கையால தட்டிக்கிட்டிருக்கோம்.

இப்ப ஃபேன் கதைக்கு வர்றேன். நம்ம ஊர் பேலன்ஸ் ரூம், அதாவது எடை போடற தராசு இருக்கற ரூம், எப்படி இருக்கும்னு தெரியும், சின்ன அறை, கல்லு மேடை, அது மேல ரெண்டு பேலன்ஸ், ஒரு ஏசி, கரண்ட் போனா ஏசி போயிடும்னு மேல ஒரு ஃபேனும். ஃபேன் சுத்தினா ரீடிங் நிக்காது, மூணாவது டெசிமல் ஆடிக்கிட்டே இருக்கும், அதனால எடை போடறப்ப எல்லாரும் ஃபேனை அணைச்சுடுவாங்க. எடை போட்டு முடிச்ச உடனே வேர்க்குதேன்னு அந்த சுவிட்சைத் தட்டிடுவாங்க. அப்படித் தான் ஒரு நாள் எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்ண வந்த தம்பி ஒருத்தன் புது 500 கிராம் பாட்டிலைத் திறந்து 100 கிராம் எடுத்திருக்கான், எடுத்தப்ப எந்தப் பிரச்சனையும் இல்ல, மேடை பூரா லேசா ஒரு வெள்ளைப் படலம் மட்டும், அது அவன் கண்ணுல படல. மூடி போடாம பாட்டிலை அப்படியே வெச்சுட்டு ஃபேனைப் போட்டிருக்கான். நான் அடுத்த ரூம்ல இருந்தேன், முதல்ல அவன் இருமல் கேட்டுச்சு, அப்புறம் உள்ள இன்னொரு பேலன்ஸ்ல உக்காந்திருந்த பொண்ணு இருமற சத்தம், மிளகா வத்தல் வறுக்கற வீட்டுல நுழைஞ்ச மாதிரி தொண்டையைப் பிடிச்சுது உள்ள போன எனக்கும். அந்தப் பொண்ணுக்கு ஏற்கனவே வீசிங் உண்டு, வெளிய காரிடாருக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு அவ பையில இருந்த இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தோம், கொஞ்ச நேரத்துல சரியாச்சு, சரியாகலைன்னா நேரா ஆஸ்பத்திரிக்குத் தான் போயிருக்கணும். தூள் எடுத்தவனுக்கு வெறும் இருமலோட போச்சு, பக்கத்துல சும்மா உக்காந்திருந்தவளுக்குத் தான் கஷ்டம்.

அதுக்கு அப்புறம் நாங்க வெச்சுக்கிட்ட வழக்கம் இது. எடை போடற அன்னிக்கு ஃபேன் சுவிட்ச் மேல ஒரு டேப் ஒட்டிடுவோம், துடைச்சு முடிக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. ஏசி காத்து நேரா மேடையில அடிக்குதான்னு பார்த்து ஸ்விங்கை மேல திருப்பிடுவோம். பாட்டில் வாயைச் சாய்ச்சு கொட்டறது கிடையாது, ஸ்பாட்டுலாவால அள்ளி, எடை போடற பாத்திரத்தோட அடிக்கு கிட்ட கொண்டு போய் விடணும், மேல இருந்து தூவினா புகையா கிளம்பும். பட்டர் பேப்பரை நிறுத்திட்டோம், அதை மடிச்சு பீக்கர்ல சரிக்கறப்ப தான் பாதி பறக்குது. பீக்கரையோ வாயகன்ற மூடி போட்ட பாட்டிலையோ நேரா பேலன்ஸ்ல வெச்சு டேர் பண்ணி (ரீடிங்கை பூஜ்யமாக்கி) அதுலயே அள்ளிப் போட்டா ஒரு தடவை இடம் மாத்தற வேலையே இல்ல. ஏசி ரூம்ல காத்து காஞ்சு கிடக்கற நாள்ல பிளாஸ்டிக் வெயிங் போட்ல ஸ்டாட்டிக் வேற, தூள் ஓரத்துல ஏறி நின்னு ஸ்பாட்டுலா கிட்ட போனாலே துள்ளும், கண்ணாடிப் பாத்திரம்னா அந்தத் தொல்லை குறைவு.

ஃப்யூம் ஹுட், அதாவது உள்ள இருக்கற காத்தை வெளிய இழுத்து விடற பெட்டி, இருக்கறவங்க இன்னும் நல்லா பண்ணலாம், ஆனா பேலன்ஸை ஹுட்டுக்குள்ள தூக்கி வெச்சா இழுக்கற காத்துல ரீடிங் நிக்காது. அதுக்கு வழி, மூடியோட சேர்த்து காலி பாட்டிலை வெளிய பேலன்ஸ்ல டேர் பண்ணிட்டு, ஹுட்டுக்குள்ள கொண்டு போய் குத்துமதிப்பா அள்ளிப் போட்டு, மூடி, பாட்டில் வெளிப்புறத்தைத் துடைச்சு, திரும்ப வந்து எடை பாக்கறது. 100 கிராம் வேணும்னா 97-ஓ 104-ஓ வரும், வரட்டுமே, அதுக்குத் தகுந்த மாதிரி தண்ணியைக் கூட்டிக் குறைச்சுக்கலாம், தூளைக் கூட்டிக் குறைக்கறதை விட அது எவ்வளவோ மேல்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லணும், லாமினார் ஃப்ளோ வேற, ஃப்யூம் ஹுட் வேற. மைக்ரோபயாலஜி பக்கம் இருந்து வர்ற பசங்களுக்கு கண்ணாடி முன்னாடி இருக்கற எந்தப் பெட்டியா இருந்தாலும் பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை. நம்ம காலேஜ்ல எல்லாம் இருக்கற சாதா ஹாரிசான்டல் லாமினார் ஃப்ளோ பின்னாடி இருந்து வடிகட்டின காத்தை நம்ம மூஞ்சியைப் பார்த்து தள்ளும், உள்ள இருக்கற பிளேட்டைக் காக்கத் தான் அதைச் செஞ்சிருக்காங்க, நம்மளைக் காக்க இல்ல. அதுக்குள்ள பவுடரை வெச்சு எடை போட்டா முழுசும் மூக்குக்குத் தான் வரும்.

மாஸ்க் பத்தி. கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் கிட்டயும் ஏதோ ஒரு மாஸ்க் இருக்கு, அதுல நீலக்கலர் சர்ஜிக்கல் மாஸ்க் இந்த வேலைக்கு ஆகாது, ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, தூள் அந்த வழியா வரும். துப்பட்டா, கர்ச்சீஃப் பத்திப் பேசவே வேண்டாம், துப்பட்டா தூளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஹாஸ்டல் வரைக்கும் கூட வரும். என்95 போட்டு மூக்கு மேல இருக்கற கம்பியை நல்லா அமுக்கி விடணும், தாடி வெச்சவங்களுக்கு அது முகத்தோட ஒட்டவே ஒட்டாது, அவங்க ஹுட்ல பண்ணட்டும் இல்ல வேற ஒருத்தர் பண்ணட்டும். கம்பியை அமுக்காம விட்டா மூச்சு மேல போய் காகிள்ஸ் பனி மூடும், உடனே காகிள்ஸைக் கழட்டி நெத்தியில ஏத்திடுவாங்க. கண்ணு விஷயத்துல தான் இந்த பவுடர் ரொம்ப மோசம், அதனால காகிள்ஸ் கழட்டறதுக்கு மாஸ்க் காரணமா ஆகக் கூடாது. மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேனேங்கறதும் கணக்குல வராது, பக்கவாட்டுல திறந்து தானே இருக்கு.

எடை போடறதையே குறைக்கலாம்ங்கறது தான் என் கட்சி. ஜெல் ஓட்டற கரைசலான ரன்னிங் பஃபர் 10 எக்ஸ் (பத்து மடங்கு கெட்டி) ஒரு லிட்டருக்கு டிரிஸ் 30.3 கிராம், கிளைசின் 144 கிராம், எஸ்டிஎஸ் 10 கிராம்னு ரெசிபி ஒட்டியிருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் அந்த 10 கிராமுக்காக பாட்டிலைத் திறக்கறது. 20 சதவீத ஸ்டாக் ஒண்ணு கையில இருந்தா அதுல 50 மில்லி ஊத்தினா அதே கணக்கு, ரெசல்விங் ஜெல்லுக்கும் சாம்பிள் பஃபருக்கும் அதே ஸ்டாக். அந்த ஸ்டாக்குக்கும் எடை போடாம தப்பிக்க ஒரு வழி இருக்கு, 500 கிராம் பாட்டிலுக்குப் பதிலா 100 கிராம் பாட்டிலா வாங்கினா அந்த முழு பாட்டிலையும் ஒரே தடவையில கரைச்சுடலாம், எடை தான் லேபிள்லயே இருக்கே. மூடியைத் திறந்து வெதுவெதுப்பான தண்ணியை பாட்டில் சுவரோரமா மெதுவா விட்டு, தூள் நனைஞ்சதும் மூடி போட்டு லேசா சாய்ச்சு சாய்ச்சு, கூழா ஆனதை பெரிய பீக்கருக்கு மாத்தி, இன்னும் ரெண்டு மூணு தடவை தண்ணி விட்டு அலசி ஊத்தி, மொத்தம் 500 மில்லிக்குக் கொண்டு வந்தா 20 சதவீதம். ஜெல் ஓட்டறதுக்கு மூணாவது டெசிமல் சுத்தம் யாரும் கேக்கப் போறதில்ல. தூள் வெளிக்காத்தைப் பார்க்கறதே மூடி திறக்கற அந்த ஒரு நிமிஷம் மட்டும் தான்.

தண்ணியை மேல இருந்து சொர்ருன்னு ஊத்தாதீங்க, விழற வேகத்துல காஞ்ச தூள் எதிர்த்து கிளம்பும். ஸ்டிரரை வேகமா வெச்சா நுரை பீக்கரை விட்டு வெளிய வழியும், மெதுவா ஓட விட்டு 68 டிகிரி வரைக்கும் சூடு கொடுத்தா தெளிவா கரைஞ்சுடும், சூட்டோட ஆவிக்கு மேல குனிஞ்சு பார்க்க வேண்டாம். பழைய ரெசிபிப்படி பிஹெச் 7.2-க்கு கொண்டு வர சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் போதும். நுரை இருக்கறப்ப அளவுக்கோடு தெரியாது, ராத்திரி அப்படியே விட்டுட்டு காலையில கோடு வரைக்கும் தண்ணி விட்டு நிரப்புங்க. ஆட்டோகிளேவ் வேணாம், பொங்கி வழியும், தேவையும் இல்ல. ஏசி ரூம்ல 20 டிகிரிக்குக் கீழ போனா வெள்ளையா படிஞ்சு நிக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, 37 டிகிரி வாட்டர் பாத்துல வெச்சா திரும்ப தெளிஞ்சுடும். பொட்டாசியம் உப்பு இருக்கற எதோடயும் கலந்தா வர்ற வெள்ளை மட்டும் சூடு பண்ணாலும் சுலபத்துல போகாது, அது வேற விஷயம்.

சுத்தம் பண்றதுல இந்த பவுடர் நமக்கே ஒரு உதவி பண்ணும். ஈர டிஷ்யூவால மேடையைத் துடைச்சுப் பாருங்க, தூள் இருந்தா வழவழன்னு நுரைக்கும். நுரை நிக்கற வரைக்கும் புது டிஷ்யூ எடுத்து துடைக்கணும், அவ்ளோதான் டெஸ்ட். பேலன்ஸ் பான், அதுக்கு அடியில, பக்கத்து கண்ணாடிக் கதவு ஓடற பள்ளம், பாட்டில் கழுத்து, டிராயர் கைப்பிடி, எல்லாத்துலயும் இருக்கும். கைக்கும் அதே தான், கிளவுஸ் கழட்டிட்டு கை கழுவறப்ப சோப்பு போடறதுக்கு முன்னாடியே வழுக்கினா கிளவுஸுக்கு மேல மணிக்கட்டுல பட்டிருக்குன்னு அர்த்தம். இதை உடம்புக்காக பண்ண மாட்டேங்கறவங்க எக்ஸ்பெரிமென்ட்டுக்காகவாவது பண்ணுங்க, டிஎன்ஏவைப் பெருக்கற பிசிஆர் மிக்ஸ்ல ரொம்பக் கொஞ்சம் எஸ்டிஎஸ் கலந்தாலே என்சைம் படுத்துடும், மூலக்கூறு எடையை அளக்கற மாஸ் ஸ்பெக் ஆளுங்க இதோட பேரைச் சொன்னாலே முறைப்பாங்க. கீழ நிறைய கொட்டிட்டா நேரா தண்ணி ஊத்தக் கூடாது, தரை சோப்பு போட்ட மாதிரி ஆகி யாராவது வழுக்கி விழுவாங்க, ஈர டிஷ்யூவைப் போட்டு மூடி, அப்படியே அள்ளி கவர்ல கட்டி, அப்புறம் துடைக்கணும். தூளை சிங்க்லயும் கொட்டாதீங்க, மீனுக்கும் தண்ணியில வாழற மத்ததுக்கும் அது கெடுதல், கெமிக்கல் வேஸ்ட்ல போடுங்க.

காஞ்ச துடைப்பத்தால பெருக்கறது தான் எல்லாத்துலயும் மோசம், அதைச் செய்யறது யாருன்னு பார்த்தா நாம இல்ல, காலையில எட்டு மணிக்கு வர்ற கூட்டற அக்கா. எங்க டிபார்ட்மென்ட்ல அவங்க ஒரு நாள் என்கிட்ட கேட்டாங்க, "ஏம்மா, அந்த தராசு ரூமை மட்டும் கூட்டினா எனக்கு அடுக்கடுக்கா தும்மல் வருது, அங்க என்னத்தைம்மா கொட்டி வெக்கறீங்க"ன்னு. ஸேஃப்டி டிரெயினிங்னு ஸ்காலருங்க எல்லாருக்கும் வருஷா வருஷம் கிளாஸ் எடுத்து கையெழுத்து வாங்கறோம், அவங்களை யாரும் கூப்பிட்டதில்ல, லேபிளும் ஷீட்டும் இங்கிலீஷ்ல இருக்கு. இப்ப அந்த ரூமுக்கு துடைப்பமே கிடையாது, ஈர மாப் மட்டும் தான், எடை போட்டவங்க துடைச்சுட்டு வாசல்ல இருக்கற நோட்ல கையெழுத்துப் போட்டா தான் அக்கா உள்ள போவாங்க. கையெழுத்து இல்லைன்னா அவங்க பூட்டிட்டு போயிடுவாங்க, அதுக்கு ஹெச்ஓடி மேடமே சரின்னு சொல்லிட்டாங்க. லேப் கோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மா கிட்ட துவைக்கப் போடறவங்களும் இதே கணக்குல தான் வர்றாங்க, உதறாம கவர்ல போட்டு எடுத்துட்டுப் போய் தனியா நனைச்சு வைங்க.

கண்ணுல பட்டா கசக்கக் கூடாது. ஓடற தண்ணியில இமையை விரல்ல பிரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம், கான்டாக்ட் லென்ஸ் இருந்தா தண்ணி விட்டுக்கிட்டே கழட்டணும், அப்புறம் எரிச்சல் குறைஞ்ச மாதிரி இருந்தாலும் கண் டாக்டர் கிட்ட போகணும், போறப்ப பாட்டில் லேபிளை ஃபோட்டோ எடுத்துட்டுப் போங்க. 15 நிமிஷம்ங்கறது நின்னு பார்த்தா ரொம்ப நீளம், பாதிக்கப்பட்டவர் நாலு நிமிஷத்துல போதும்னுடுவார், பக்கத்துல ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். பேலன்ஸ் ரூம்ல சிங்க் இருக்காது, அதனால கண்ணை மூடிக்கிட்டு எத்தனை கதவு தாண்டி தண்ணிக்குப் போகணும்னு முன்னாடியே ஒரு தடவை நடந்து பாருங்க. ஐவாஷ், அதாவது கண் கழுவற குழாய், இருந்தா வாரம் ஒரு தடவை திறந்து விடணும், மாசக்கணக்குல தொடாத குழாய்ல முதல்ல வர்றது துரு கலந்த செம்மண் கலர் தண்ணி, அதைக் கண்ணுல அடிச்சா என்ன ஆகும். ஓவர்ஹெட் டேங்க்ல தண்ணி இல்லாத நாள்ல பவுடர் வேலையே வேண்டாம், தள்ளிப் போடுங்க.

அதே அலமாரியில பக்கத்துல இன்னொரு வெள்ளைத் தூள் இருக்கும், ஜெல் செய்யற அக்ரிலமைடு. பசங்க எஸ்டிஎஸ்க்கு தும்மல் வருதுன்னு பயந்துட்டு அக்ரிலமைடை சாதாரணமா எடுக்கறதை நான் நிறைய பார்த்திருக்கேன், உண்மையில தலைகீழா இருக்கணும். அது தோல் வழியா உள்ள போய் நரம்பைப் பாதிக்கும், புற்றுநோய் வரவைக்க வாய்ப்புள்ளதுன்னு ஐஏஆர்சிங்கற சர்வதேச புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2ஏ பிரிவுல வெச்சிருக்கு, தொட்ட உடனே எந்த எரிச்சலும் காட்டிக்காது. எஸ்டிஎஸ் உடனே கத்தி நம்மளை விரட்டிடும், அது ஒரு வகையில நல்லது தான். அக்ரிலமைடைத் தூளா வாங்கறதையே நாங்க விட்டுட்டோம், 30 சதவீத ரெடிமேட் சொல்யூஷன் தான், கூடுதல் விலையைப் பத்தி சார் கிட்ட ஒரு தடவை வாதாடினதோட சரி.

எஸ்டிஎஸ்லயும் ரெடிமேட் 10 சதவீதம், 20 சதவீதம் சொல்யூஷன் கிடைக்குது, மாசத்துக்கு ரெண்டு ஜெல் ஓட்டற சின்ன லேபுக்கு அதுவே லாபம். நிறைய செலவாகற லேப்னா பவுடருக்குப் பதிலா பெல்லட், குருணை மாதிரி உருட்டினது, தூசி பறக்காததுன்னு கேட்டலாக்ல தனி நம்பர்ல போட்டிருப்பாங்க, இண்டென்ட், அதாவது வாங்கித் தரச் சொல்லி ஸ்டோர்ஸுக்குக் கொடுக்கற சீட்டு, எழுதறப்ப வெறுமனே எஸ்டிஎஸ் 500 கிராம்னு எழுதினா ஸ்டோர்ஸ்ல குறைஞ்ச கொட்டேஷனுக்கு தூளைத் தான் வாங்கித் தருவாங்க, பெல்லட்ங்கற வார்த்தையையும் கேட்டலாக் நம்பரையும் சேர்த்து எழுதுங்க. பெல்லட் கரைய தூளை விட நேரம் எடுக்கும், காலையில ஸ்டிரர்ல போட்டுட்டு வேற வேலையைப் பார்க்கப் போயிடுங்க, மத்தியானத்துக்குள்ள கரைஞ்சிருக்கும். பாட்டில் அடியில மட்டும் பெல்லட் உரசி உதிர்ந்த கொஞ்சம் தூள் சேரும், கடைசிக் கொஞ்சத்தை எடுக்கறப்ப மாஸ்க் போட்டுக்கோங்க.